விதானையார் சிரிக்கவில்லை

"ஆரு சிரிச்ச?" என்று கேட்டார் கனகசிங்கம்.

"நீங்கதான் அண்ணன்," என்றான் ஸ்டூடியோக்காரச் சதீஸ்.

"நானா?"

"நான் சொல்லல்ல அண்ணன். அவங்கட மெஷின் சொல்லுது. இஞ்ச பாருங்க."

கொம்பியூட்டர் திரையை அவர் பக்கமாகத் திருப்பினான். பாஸ்போட்டுக்கென்று அவன் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பிய படம் திரும்பி வந்திருந்தது. படத்தின் மேலே சிவப்பு எழுத்து: முகத்தில் உணர்ச்சி தெரிகிறது, சிரிப்பு, ஏற்க முடியாது.

ஆரையம்பதியில் யாரைப் பிடித்து இதைச் சொன்னாலும் முதலில் கேட்டவர்தான் சிரிப்பார். கனகசிங்கம் சிரித்துவிட்டாராம், அதற்காகப் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்! தன் கலியாணப் படத்திலேயே பொலிசுக்கு வாக்குமூலம் கொடுக்க வந்தவர் மாதிரி நிற்கிற மனுசன் அவர். மகள் கம்சாயினி பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியச் சடங்கு ஆல்பத்தைத் திறந்தால் சொந்தபந்தம் எல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் இவர் மட்டும், யாரோ வரம்பை வெட்டிவிட்டதைக் கண்டுபிடித்த முகத்தோடு நிற்பார். "அப்பா, ஒருக்காச் சிரிங்களன்" என்று அந்தப் பிள்ளை கெஞ்சாத பிறந்தநாள் கிடையாது. கெஞ்சி என்ன பலன்? வராதது வராது.

அவருடைய தொழிலும் அப்படி. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், ஒரு வட்டைக்கு அவர்தான் விதானை. அந்த வயல்வெளி முழுவதிலும் எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் திறப்பது, யாருடைய மாடு யாருடைய வேளாண்மையில் வாய் வைத்தது என்பதெல்லாம் அவர் வாயால் தீர வேண்டிய சங்கதி. வாயைத் திறக்கவும் தேவையில்லை. மோட்டார்சைக்கிளை நிறுத்தி இறங்கி ஒரு பார்வை பார்ப்பார். சண்டைக்குத் தூக்கிய மண்வெட்டி தோளுக்குப் போய்விடும்.

அந்த முகத்துக்குத்தான் போன மாரியில் கேடு வந்தது. வாடைக்காற்று ஊளையிடுகிற காலம். மண்முனைப் பாலத்தின் மேல் விடியற்காலையில் மோட்டார்சைக்கிளில் போகாதீர்கள், காதைக் கட்டிக்கொண்டாவது போங்கள் என்று மனைவி சீதேவி எத்தனையோ தரம் சொன்னாள். கேட்கிற ஆளா? ஒரு நாள் காலை பல் தீட்டி வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது பக்கத்தால் தானாக ஒழுகியது. முகவாதம். பக்கவாதம் இல்லை, முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, குணமாகும் என்றார் பெரியாஸ்பத்திரி டொக்டர். குணமும் ஆகித்தான் வந்தது. ஆனால் தொங்கிக் கிடந்த இடப்பக்கம் குணமாகிற உற்சாகத்தில் அளவுக்கு மிஞ்சி இழுத்துக்கொண்டது. இடது கடைவாய் மேலே ஏறி அங்கேயே நின்றுவிட்டது. இடது கண் கொஞ்சம் சுருங்கி, சும்மா சும்மா நீர் விட்டது. முன்னால் நின்று பார்க்கிறவனுக்கு, இந்த மனுசன் நம்மைப் பார்த்து நக்கலாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார் என்றுதான் தோன்றும்.

அதனால் வந்த வம்பு கொஞ்சமா? வட்டையில் இவர் கத்துகிறார், அவனவன் "விதானையார் நல்ல சந்தோசத்தில இரிக்கார்" என்று சொல்லிக்கொண்டு வாய்க்காலை மறிக்கிறான். அதுகூடப் பரவாயில்லை. சீதேவியின் தம்பி பேரின்பத்தின் மாமனார் செத்த வீட்டில் நடந்ததுதான் பெரிய கூத்து. இவர் போய்ப் பிரேதத்தின் தலைமாட்டில் நின்றார். உள்ளபடியே மனம் கனத்துத்தான் நின்றார், செத்தவர் இவரோடு சேர்ந்து வயல் செய்தவர். பேரின்பத்தின் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் ஒப்பாரியை நிறுத்திவிட்டாள். "என்ட அப்பா கிடக்கிற கிடையப் பார்த்துச் சிரிக்கவா வந்த?" என்று அவள் வைத்த கூச்சலில் பந்தலே திரும்பிப் பார்த்தது. வருத்தம், நரம்பு, டொக்டர் என்று சீதேவி எவ்வளவோ சொன்னாள். "வருத்தம் வந்தா முனகத்தான் வரும். ஆருக்காவது சிரிப்பு வருமா?" என்று கேட்டுவிட்டுப் போனான் பேரின்பம். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

சரி, முகம் எப்படியோ போகட்டும் என்று இவரும் இருந்துவிட்டார். இப்போது கலியாணம் வந்தது. கலியாணம் வந்ததால் பாஸ்போட் வந்தது.

மாப்பிள்ளை வினோஜன் கனடாவில். அகதியாகப் போய் அடைக்கலம் வாங்கிய பிள்ளை, இலங்கை மண்ணில் கால் வைக்கமாட்டான். அப்படிப்பட்ட மாப்பிள்ளைமாருக்கு வழமையாக நடக்கிற இடத்தில்தான் இந்தக் கலியாணமும், திருச்சியில். ஆனி மாதம் முகூர்த்தம். மண்டபம் பேசியாயிற்று. வினோஜனுக்கு வேலையில் கிடைத்த லீவு அந்தக் கிழமைக்கு மட்டும். தாய்க்கும் மகளுக்கும் பாஸ்போட் இருந்தது, முன்பு கோயில்களுக்குப் போய்வந்தவர்கள். அப்போது தண்ணீர் திறக்கிற காலம் என்று இவர் போகவில்லை. ஒரே பிள்ளை. அவளுடைய கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்துத் தாரை வார்க்க வேண்டிய தகப்பன் இவர். இவருக்குப் பாஸ்போட் இல்லை.

"இன்னொருக்கா எடுப்பம் அண்ணன்," என்றான் சதீஸ். கத்தோலிக்கப் பொடியன், ஊரிலுள்ள கலியாணம், சடங்கு, முதல்நன்மை எல்லாம் அவன் கமராவுக்குள்ளால்தான் போகும். "சட்டம் இதுதான். வாய் மூடியிரிக்கணும். கண் ரெண்டும் திறந்திரிக்கணும். காது ரெண்டும் தெரியணும். முகத்தில ஒண்டும் இரிக்கப்படாது."

"மூக்கு இரிக்கலாமா?"

"அண்ணன், பகிடி விடாதீங்க."

"ஆருடா பகிடி விடுற? அறுபது வயசுக்கு ஒருக்காலும் சிரிக்காதவனச் சிரிச்ச எண்டு சொல்லுறான், நானா பகிடி விடுறன்?"

அன்றைக்கு மகளும் தாயும்கூட ஸ்டூடியோவுக்கு வந்திருந்தார்கள். நீலத் திரைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். சீதேவி தன்னுடைய வெற்றிலைப் பையைத் திறந்து ஒரு யோசனை சொன்னாள். "இஞ்சாருங்க, வலப்பக்கத்தில ஒரு பாக்க ஒதுக்குங்க. ரெண்டு பக்கமும் சரியா வரும்." ஒதுக்கிப் பார்த்தார்கள். பல்வலிக்காரன் மாதிரி இருக்கிறது என்று சதீஸ் அனுப்ப மறுத்துவிட்டான். பிறகு காதுக்குப் பின்னால் ஒட்டுத்துணி வைத்துக் கன்னத்தை இழுத்துப் பார்த்தான். வாய் கொஞ்சம் இறங்கியது, கண் சீனாக்காரன் கண்ணாகிப் போயிற்று. 

மனசுக்குள் எதுவும் முட்டினால் வலது காதுமடலைப் பிடித்து உருட்டுவது கனகசிங்கத்தின் பழக்கம். அது அவருக்கே தெரியாது. சதீஸ் கமராவை உயர்த்துகிற நேரமெல்லாம் அந்தக் கை காதுக்குப் போயிருக்கும்.

"காது மறையுது அண்ணன். கைய எடுங்க."

எடுப்பார். அடுத்த நிமிசம் திரும்பவும் போயிருக்கும். நாலைந்து முறை இதே கதை. கடைசியில் மூலையில் நின்ற கம்சாயினி, "அப்பா, கை" என்றாள். மெல்லத்தான் சொன்னாள். கை இறங்கி மடியில் போய்ப் படுத்தது. சதீசுக்கே ஆச்சரியம். "தங்கச்சி, நீ இவடத்தயே நில்லு" என்றான்.

எடுத்த படங்களில் நல்லதைத் தெரிந்தார்கள். சிரிப்பு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று இவர் புருவத்தை நெரித்து, வலது கடைவாயைக் கீழே அழுத்தி, தன் வாழ்நாளிலேயே பெரிய முறைப்பு ஒன்று முறைத்த படம் அது. அனுப்பினார்கள். அடுத்த கிழமை பதில் வந்தது: முகச்சுளிப்பு, ஏற்க முடியாது.

"சிரிச்சாலும் பிழை, முறைச்சாலும் பிழை. அப்ப இவனுகளுக்கு என்ன முகந்தான் வேணும்? செத்தவன்ட முகமா?" என்று கத்தினார் கனகசிங்கம். கத்தும்போதும் இடது கடைவாய் மேலேயே நின்றது. தெருவில் போன ஒரு மனுசி எட்டிப் பார்த்து, "என்ன விதானையார், கலியாணச் சந்தோசமோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவளைக் கொன்றால் என்ன என்று இருந்தது.

சதீஸ் நல்லவன். நல்லவனாக இருப்பதுதான் அவனுடைய வியாதி. கலியாணத் தரகர்களுக்குப் படம் கொடுத்துக் கொடுத்துப் பழகிய கை. கறுப்பை வெளுப்பாக்குவான், பருவை அழிப்பான், சோடை போன முடியை அடர்த்தியாக்குவான். யாரும் கேட்க வேண்டியதில்லை, ஸ்டூடியோவுக்கு வந்தாலே அது நடக்கும். வெளுப்பாக்காமல் கொடுத்தால்தான் ஊர்ச்சனம் சண்டைக்கு வரும். அந்தப் பழக்கத்தில், விதானையார் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல், யாரிடமும் சொல்லாமல் கொம்பியூட்டரில் அந்தக் கடைவாயைப் பிடித்து இறக்கிவிட்டான். இடது கண்ணை வலது கண்ணளவுக்குத் திறந்தான். கை சும்மா இருக்காமல் கன்னத்து மருவையும் துடைத்தான். அனுப்பினான்.

இரண்டாம் நாளே பதில். படம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

சீதேவி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். சதீஸ் படத்தைப் பெரிதாக அச்சடித்து நீட்டினான். கனகசிங்கம் அதை வாங்கிக்கொண்டு கடை வாசலில் வெயிலில் போய் நின்று பார்த்தார். நேரான வாய். நேரான கண். வட்டையில் ஒரு பார்வையில் மண்வெட்டியைத் தோளில் ஏற்றிய முகம். அவருடைய முகம். போன மாரிக்குப் பிறகு கண்ணாடியிலும் காணாத ஆள்.

"இதுதான்டா நான்," என்றார்.

சதீஸ் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த மனுசன் படத்தைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து வாய் வரவில்லை.

பாஸ்போட்டுக்குக் கைரேகை வைக்கிற நாள் வந்தது. வெள்ளைச் சேட்டுப் போட்டு, கம்சாயினியே தலையை வாரி இழுத்துவிட்டு, அவரை அனுப்பி வைத்தாள். அலுவலகத்தில் இருந்தது ஒரு இளம்பெண், மரியாதையான பிள்ளை. விரல்களை ஒவ்வொன்றாக வைக்கச் சொன்னாள். பிறகு திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். திரும்பவும் திரையைப் பார்த்தாள்.

"ஐயா, சிரிக்காம இரிங்க."

"நான் சிரிக்கல்ல."

"ஐயா, இந்தப் படத்தில இரிக்கிறது நீங்க இல்லயே."

"நான்தான்."

"வாய் வேற மாதிரி இரிக்கு. கண் வேற. மருவையும் காணல்ல. உங்கட தம்பியா?"

"எனக்குத் தம்பி இல்ல. இது என்ட முகம். போன வருசத்து முகம்."

"போன வருசத்து முகத்துக்கு நான் பாஸ்போட் தர ஏலாது ஐயா," என்றாள் அந்தப் பெண். பகிடியாகச் சொல்லவில்லை, பாவப்பட்டுத்தான் சொன்னாள். "எயார்போட்டில உங்களப் பிடிச்சு வச்சிடுவாங்க. திருத்தின படம் இது. புதுசா எடுத்துக்கொண்டு வாங்க."

அங்கே அவர் போட்ட சத்தத்தை வரிசையில் நின்றவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். சொல்லும்போது, "ஆனா மனுசன் சிரிச்சிக்கிட்டேதான் ஏசினது" என்றும் சேர்த்துச் சொல்வார்கள். அது நினைக்க நினைக்க அவருக்கு நெஞ்சு எரியும்.

நேரே ஸ்டூடியோவுக்குப் போனார். சதீசின் முகத்தில் செய்தது எழுதியிருந்தது. "நல்லதுக்குத்தான் அண்ணன் செஞ்சன்" என்றான். அவனுக்கும் எச்சரிக்கை வந்துவிட்டது, இனி ஒரு திருத்தின படம் அனுப்பினால் பாஸ்போட் படம் எடுக்கிற அனுமதியே போய்விடும். அவனை அடிக்கத்தான் வந்தார். அவன் நின்ற நிலையைப் பார்க்க அடிக்கவும் மனம் வரவில்லை. "உன்ட நல்லதக் கொண்டுபோய் வாவிக்குள்ள போடு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

வருத்தக்காரருக்கு ஒரு வழி இருக்கிறதென்று அந்த அலுவலகப் பெண்ணே சொல்லியிருந்தாள். டொக்டரிடம் கடிதம் வாங்கி உள்ள முகத்தோடு உள்ள படத்தைக் கொடுத்தால் பரிசீலிப்பார்களாம். பெரியாஸ்பத்திரியில் காலையிலிருந்து வாங்குப் பலகையில் குந்தியிருந்து டொக்டரைக் கண்டார்.

"நான் சிரிக்கல்ல எண்டு ஒரு கடிதம் தாங்க," என்றார்.

டொக்டர் முதலில் விளங்காமல் பார்த்தார், பிறகு விளங்கிச் சிரித்தார். எல்லாரும் சிரிக்கிறார்கள்! இந்த உலகத்தில் சிரிக்கக் கூடாத ஒருவன் கனகசிங்கம் மட்டுந்தான். ஆனால் கடிதம் எழுதிக் கொடுத்தார். முகநரம்பு பாதிப்பு, அதனால் வாய் ஒரு பக்கம் இழுபட்டிருக்கிறது, காலப்போக்கில் மேலும் குணமடையலாம்.

அலுவலகத்தில் கடிதத்தை வாசித்தவர் வேறொருவர், மேசைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியோடு. "குணமடையலாம் எண்டுதானே போட்டிரிக்கு. அப்ப தற்காலிகம். குணமான பிறகு எடுங்க. நிரந்தரம் எண்டா மட்டுந்தான் விதிவிலக்கு," என்றார்.

திரும்பவும் டொக்டரிடம். "நிரந்தரம் எண்டு எழுதுங்க."

"பொய் எழுத ஏலாது ஐயா. உங்களுக்கு நல்லா வந்துகொண்டிரிக்கு. சந்தோசப்பட வேண்டிய விசயந்தானே?"

"எப்ப வரும்?"

"இன்னும் ஆறு மாசம், ஒரு வருசம். சொல்ல ஏலாது."

"ஆனியில என்ட மகளுக்குக் கலியாணம்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். அவராலும் ஏலாது. வேண்டுமானால் இன்னொரு கடிதம், அவசரம் என்று, தலைமையகத்துக்கு. அதையும் எழுதினார். கிராம சேவகரும் தன் பங்குக்கு ஒன்று எழுதினார். "இவர் சிரிக்கிறவர் இல்ல எண்டு எழுதடா தம்பி, உனக்குத் தெரியாதா?" என்று இவர் கேட்டதற்கு, அப்படியொரு வாசகம் படிவத்தில் கிடையாது என்று சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினார்கள். பரிசீலிக்கப்படுகிறது என்று பதில் வந்தது. போன் எடுத்தாலும் அதே பதில். வெறுத்துப்போய் ஒரு நாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்தக் கடைவாயை விரலால் பிடித்துக் கீழே இழுத்தார். விட்டதும் ஏறிக்கொண்டது. "இறங்கு நாயே!" என்று தன் வாயைத் தானே ஏசினார். சீதேவி குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேளாதவள் போல உள்ளே போய்விட்டாள்.

ஆனி பிறந்தது. பாஸ்போட் பிறக்கவில்லை.

"நாம தள்ளிப் போடுவம் அப்பா," என்றாள் கம்சாயினி. "நீங்க இல்லாம நான் மணவறையில குந்தமாட்டன்."

அவருக்கும் அதுதான் ஆசை. போடு, தள்ளிப் போடு, இந்த முகம் சரியாகும் வரைக்கும் போடு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. வினோஜனின் லீவு, அவனுடைய தாய் தகப்பன், பேசி வைத்த மண்டபம் எல்லாம் கண்ணுக்குள் வந்தன. "விசர்க்கதை கதைக்காத. அம்மாவோட போ," என்று அதட்டினார். வட்டையில் அதட்டுகிற மாதிரித்தான் அதட்டினார். அவள் அவருடைய வாயைப் பார்க்கவில்லை, காதைத்தான் பார்த்தாள். போய்ப் பெட்டி அடுக்கினாள்.

இனி தாரை வார்க்க ஒருவர் வேண்டும். தகப்பன் இல்லையென்றால் தாய்மாமன். தாய்மாமன் யார்? பேரின்பம். அக்காவோடு கோயில்களுக்குப் போய்வந்தவன், அவனிடம் பாஸ்போட்டும் இருந்தது. இந்த ஊரில் வேறு எவனிடம் போய் நிற்கச் சொன்னாலும் நின்றிருப்பார்.

பேரின்பம் முற்றத்தில் நீர்ப்பம்பியைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். படலையில் இவரைக் கண்டும் எழும்பவில்லை.

"என்ன, வழி தெரிஞ்சிட்டா?" என்றான்.

"எனக்குப் பாஸ்போட் வரல்ல மச்சான். கம்சாட கலியாணத்துக்குப் போக ஏலாமப் போயிட்டு. நீதான் நிண்டு தாரை வார்த்துக் குடுக்கணும்."

பேரின்பம் நிமிர்ந்தான். அவன் பார்வை வந்து நின்றது அந்த இடது கடைவாயில்.

"கேக்கிறதையும் சிரிச்சிக்கிட்டுத்தானே கேக்கிறீங்க."

கனகசிங்கத்துக்கு உள்ளே குபீரென்று வந்தது. போடா என்று திரும்பிவிடலாம். அந்தக் கோபத்தில் வாய் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டதையும் அவர் உணர்ந்தார். தோளில் கிடந்த துவாயை எடுத்தார். வாயின் இடப்பக்கத்தை அதால் பொத்திக்கொண்டார். பொத்திக்கொண்டு, முதலில் கேட்டதையே திரும்பக் கேட்டார்.

"நீதான் நிண்டு குடுக்கணும் மச்சான். அவளுக்கு வேற ஆரு இரிக்கா?"

துவாய்க்கு வெளியே இரண்டு கண்ணும் ஒரு பாதி வாயும் மட்டும் தெரிந்தன. பேரின்பம் அந்தப் பாதியைப் பார்த்தான். எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு எழும்பி வந்தான். செத்த வீட்டில் இவர் நின்றதும் இப்படித்தானா என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"துவாய எடுங்க மச்சான்," என்றான். "எடுங்க. நான் போறன்." உள்ளே திரும்பி, தன் மனைவியைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி போடச் சொன்னான்.

கலியாணத்தன்று சதீஸ் வெளிவேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஸ்டூடியோவை மற்றவர்களுக்குப் பூட்டி வைத்தான். வீட்டில் சிக்னல் விட்டுவிட்டு வரும், இங்கே பெரிய திரை இருக்கிறது, இங்கே வந்து பாருங்கள் என்று அவன்தான் வற்புறுத்திக் கூட்டிவந்தான். செய்த பிழைக்குப் பிராயச்சித்தம் என்று நினைத்தானோ என்னவோ. பட்டு வேட்டி, சால்வை. உட்காரக் கிடைத்தது அதே ஸ்டூல். பின்னால் அதே நீலத் திரை. திரையின் மேல் ஒட்டியிருந்த சின்னக் கமரா இவரைப் பார்த்தது. திருச்சியில் யாரோ ஒரு பொம்பிளை போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள், அதற்குள் மண்டபமே தெரிந்தது. தவில் சத்தத்தில் ஸ்டூடியோக் கண்ணாடி அதிர்ந்தது.

"சம்பந்தி வந்திட்டார்!" என்று கத்தினாள் போன் பிடித்தவள், மாப்பிள்ளையின் சித்தி. "இஞ்ச பாருங்க எல்லாரும், எவ்வளவு சந்தோசமாச் சிரிக்கிறார் எண்டு!"

பத்துத் தலை போனுக்குள் எட்டிப் பார்த்தது. "ஓமோம், மகள்ட கலியாணமெல்லா!" "நல்ல சிரிச்ச முகம்." "கோவக்காரன் எண்டு சொன்னாங்க, இவரா?" 

நான் சிரிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். கலியாண வீட்டில் அப்படி ஒரு வார்த்தையா? விழுங்கிக்கொண்டார். சதீஸ் சுவரோடு ஒதுங்கித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஐயர் கூப்பிட்டார். பேரின்பம் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். கம்சாயினியின் கையை எடுத்தான். சீதேவி செம்பைச் சரித்தாள். தண்ணீர் பேரின்பத்தின் விரல்களுக்குள்ளால் ஓடி வினோஜனின் கைக்குள் விழுந்தது. கனகசிங்கத்தின் இடது கண் நீர் விட்டது, அது எப்போதும் விடுகிற நீர். வாய் மேலே ஏறி நின்றது, அது எப்போதும் நிற்கிற இடம். சித்தி போனை மணவறைக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"புள்ள, அப்பாவப் பாரு. கலகலண்டு இரிக்கார்."

மணப்பெண் தலை குனிந்திருக்க வேண்டும். கம்சாயினி நிமிர்ந்தாள். போனைப் பார்த்தாள். வாயைப் பார்த்தாளா, கண்ணைப் பார்த்தாளா, தெரியாது.

"அப்பா, கை," என்றாள்.

அவர் அப்போதுதான் உணர்ந்தார். வலது காதுமடல் அவருடைய விரல்களுக்குள் நசிந்து கிடந்தது, நெருப்பாக எரிந்தது.

"அழாதீங்கப்பா."

"ஆரு புள்ள அழுற? அவர் சிரிக்கிறாரெல்லா," என்றாள் சித்தி.

"இல்ல," என்றாள் கம்சாயினி. தவிலுக்கு மேலாலும் கேட்கும்படி சொன்னாள். "எங்கட அப்பா சிரிக்கல்ல."

கெட்டிமேளம் தொடங்கிவிட்டது. போன் ஆடியது, பூவும் அரிசியும் பறந்தன, தாலி கட்டியதைச் சரியாகக் காணவும் கிடைக்கவில்லை. கனகசிங்கம் கையைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்தார். அது அங்கே நிற்கவில்லை.